அப்பா வீட்டுக் கூரை

தவமணி ஊதிய மூச்சைப் பத்து நிமிடம் படித்துவிட்டு இயந்திரம் அறிக்கை கொடுத்தது. நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்வில் மீசோதெலியோமா என்ற அரிய புற்றுநோய், ஆரம்ப நிலை. காரணம் ஆஸ்பெஸ்டாஸ் தூசி. அந்தத் தூசி எங்கிருந்து வந்தது என்பதையும் இப்போதெல்லாம் இயந்திரமே சொல்லிவிடுகிறது: நாற்பது வருடங்களுக்கு முன், கணவரின் வேலைச் சட்டை.

பாலையா அப்போது கப்பல் பட்டறையில் குழாய்களுக்குச் சூடு தாங்க ஆஸ்பெஸ்டாஸ் நார் சுற்றிக்கொண்டிருந்தார். அந்தச் சட்டையைத் தினமும் உதறித் துவைத்தவள் தவமணி.

"சீக்கிரமே கண்டுபிடிச்சுட்டோம். மருந்து கேக்கும்மா," என்றார் டாக்டர் நிகிலா.

"சரி டாக்டர். அவர்கிட்ட மட்டும் எங்க அப்பா வீட்டுக் கூரைன்னு சொல்லிருங்க. அதுவும் ஆஸ்பெஸ்டாஸ்தான்."

"நான் பொய் சொல்லக் கூடாதும்மா."

"அப்ப நான் சொல்லிக்கிறேன். நீங்க பேசாம இருங்க. என்னைப் பாத்துக்க ஒரு ஆள் தெம்பா இருக்கணும்ல?"

வெளியே பாலையா நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். பட்டறையில் கூட வேலை பார்த்தவர்களுக்கு அந்தத் தூசியால் நோய் வந்தது அவருக்குத் தெரியும்.

"என் சட்டையா, தவமணி?"

"உங்க சட்டைக்கு அவ்வளவு சக்தி ஏது? எங்க அப்பா வீட்டுக் கூரையாம்."

பாலையா வெகுநேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணத்துக்கு ஒரு குண்டுமணி தங்கம் போடல உங்கப்பன். இதை மட்டும் மறக்காம குடுத்து அனுப்பிருக்கான் பாரு."

தவமணி சிரித்துவிட்டாள். அப்பா போய் இருபது வருடமாகிறது. மருமகனுக்காக இந்த ஒரு பழியைச் சுமக்க மாட்டாரா என்ன?