பக்கத்துக் கட்டில்

“அந்தத் துருக்கிக்காரனை எதுக்கு எங்கப்பா பக்கத்துல படுக்க வெச்சீங்க?”

வீட்ஸ்கே போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

“மாஸ்க்கை ஒழுங்கா மாட்டுங்க. அப்புறம் கத்துங்க” என்றாள் மார்யோலைன். மருத்துவமனைக்குள் கிருமி எங்கிருந்து கிளம்பியது என்று துப்பறிவதுதான் இந்த நர்ஸின் வேலை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தனியறையில் அப்பா தியர்க். இடுப்பெலும்பு முறிந்து வந்தவர், ஊன்றி நடக்கத் தொடங்கிய நேரத்தில் காய்ச்சலில் விழுந்தார். ஃப்ரீஸ்லாந்தில் தன் மாட்டுப்பண்ணையையே அதட்டி ஆண்ட மனிதர், இப்போது ஒரு மூச்சு விடப் படாத பாடு படுகிறார். வீட்ஸ்கே கண்ணாடியிலிருந்து நர்ஸிடம் திரும்பினாள்.

“மருந்து மேல மருந்தா ஏத்தறீங்க. ஒண்ணும் கேக்கலையே!”

“எப்படிக் கேக்கும்? அந்தக் கிருமி ஒரு நொதியைச் சுரக்குது. உள்ளே போற மருந்தை, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அது வெட்டிப் போட்டுடுது. இன்னும் ஒரே மருந்துதான் பாக்கி. அதுவும் கேக்கலைன்னா மனசைத் தேத்திக்குங்க.”

“எல்லாம் அந்த ஒர்ஹானால! லீவுக்குத் துருக்கி போன இடத்துல ஆஸ்பத்திரியில கிடந்துட்டு வந்தவன்தானே? அங்கேருந்து சுமந்துட்டு வந்திருக்கான்!”

“வெளிநாட்டு ஆஸ்பத்திரியில இருந்து யார் வந்தாலும் தனியா வெச்சு, சோதனை பண்ணித்தான் வார்டுக்கு விடுவோம். ஒர்ஹான் வரும்போது சுத்தமா இருந்தார். இங்கேதான் தொத்திச்சு.” மார்யோலைன் குரலைத் தாழ்த்தினாள். “இன்னிக்குக் காலையில போயிட்டார், பாவம்.”

வீட்ஸ்கேவின் கோபம் பொசுக்கென்று அடங்கியது.

“அப்போ எங்கே இருந்துதான் வந்தது?”

“ரெண்டு கட்டிலுக்கும் நடுவுல இருக்கே, கை கழுவற தொட்டி. அதோட கழிவுக் குழாய்க்குள்ள கொஞ்சமா ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. யாரோ ஒரு புண்ணியவான் தினமும் அதுல பாலை ஊத்தியிருக்கான். கிருமி அதைத் தின்னு கொழுத்து, தொட்டி வரைக்கும் மேல ஏறிடுச்சு. தண்ணியைத் திறக்கும்போதெல்லாம் ரெண்டு பேர் மேலயும் தெறிச்சிருக்கு. நர்ஸ்களைக் கேட்டா, நான் இல்லை, நான் இல்லைங்கறாங்க. நீங்க எப்பவும் அப்பா கூடவே இருந்தீங்களே, யாராவது ஊத்தினதைப் பார்த்தீங்களா?”

“இல்லையே” என்றாள் வீட்ஸ்கே.

அப்பா குடிக்க மறுத்த சத்துப் பாலை, நர்ஸ்கள் கண்டுபிடித்தால் உணவு செலுத்த மூக்கில் குழாய் செருகிவிடுவார்களே என்று பயந்து, வேளை தவறாமல் அந்தத் தொட்டியில் கவிழ்த்தவள் அவள்தான்.