வண்டியில்லாத வீட்டுக்கு ஸ்டீயரிங் ராடு

"இருந்த ஒண்ணையும் இப்பத்தான் ஒரு அம்மா வாங்கிட்டுப் போனாங்க!"

உதிரிபாகக் கடைக்காரர் இப்படிச் சொன்னதும் வண்டிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏறி இறங்கிய கடையிலெல்லாம் இதே பல்லவி.

"யாருங்க அந்த அம்மா? அவங்ககிட்டயும் பழைய பிக்கப் இருக்கா?"

"பிக்கப்பா? ஒரு சைக்கிள்கூட கிடையாது. தையல் வேலை பண்றாங்க. இந்த ராடு எங்க இருந்தாலும் வாங்கிடுவாங்க."

வண்டியே இல்லாதவளுக்கு ஸ்டீயரிங் ராடு எதற்கு? பதுக்கத்தான்! அந்த பிக்கப்பைச் செய்த கம்பெனி மூடி எத்தனையோ வருஷமாயிற்று. பிற்பாடு ஏதோ ஒரு பட்டறைக்காரன் அதே அளவில் வார்த்துவிட்ட ராடுகள்தான் கடைகளில் மிச்சம். அத்தனையையும் வளைத்துப் போட்டுக்கொண்டால் வாய்க்கு வந்த விலை சொல்லலாமே!

இங்கே ராடு தேய்ந்துபோய் வண்டி வீட்டு வாசலைவிட்டு நகரவில்லை. கட்டில், பீரோ ஏற்றிப் பிழைக்கிறவனுக்கு வண்டி நின்றால் அடுப்பும் நின்ற மாதிரிதான். வழக்கமாகக் கூப்பிடுகிறவர்கள் வேறு வண்டிக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள்.

விலாசம் வாங்கிக்கொண்டு நேரே போய்க் கதவைத் தட்டினார். கழுத்தில் அளவு நாடாவோடு அந்த அம்மாவே வந்து திறந்தார்.

"ராடு இருக்கா?"

"இருக்கு. ஆனா தர்றதுக்கில்ல."

"ஏன், இன்னும் விலை ஏறட்டும்னு காத்திருக்கீங்களா?"

"விக்கிறதுக்கு வாங்கலைங்க. கொஞ்சம் நான் சொல்றத..."

"என்னத்தக் கேக்கிறது? வண்டி வெச்சிருக்கிறவன் நாயா அலையறான், நீங்க வாங்கிப் பூட்டி வெச்சிருக்கீங்க. அடுத்தவன் வயித்துல அடிக்கிறோமேன்னு கொஞ்சமாவது தோணுதா?"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நாலு பேருக்குத் தெரியட்டும் என்று அவர் குரலை இன்னும் ஏற்றினார்.

அந்த அம்மா உள்ளே போய் அன்றைக்கு வாங்கிவந்த ராடையும் ஒரு சுத்தியலையும் எடுத்துவந்து வாசல்படியில் வைத்தார்.

"அடிங்க."

"என்னது?"

"அடிச்சுத்தான் பாருங்களேன்."

இருந்த கோபத்தில் ஓங்கி ஒரு போடு போட்டார். ராடு இரண்டாக உடைந்து விழுந்தது.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்ல ராடு என்றால் வளையும். இப்படி உடையவே உடையாது. ஓடுகிற வண்டியில் இது உடைந்தால் சக்கரம் எந்தப் பக்கம் திரும்பும்?

"எங்க வீட்டுக்காரரும் உங்கள மாதிரிதான் அலைஞ்சு திரிஞ்சு இதை வாங்கிப் போட்டார். கிடைச்சிடுச்சுன்னு அவ்வளவு சந்தோஷம். பாலத்து மேல போறப்ப உடைஞ்சுது. வண்டியும் போச்சு, அவரும் போயிட்டார்."

அந்த அம்மாவின் குரல் கொதித்தது.

"இதை விக்காதீங்கன்னு ஒவ்வொரு கடையிலயும் கெஞ்சினேன். 'வேணும்னா வாங்கு, இல்லேன்னா நகரு'ன்னாங்க. சரின்னு வாங்க ஆரம்பிச்சிட்டேன்."

வண்டிக்காரர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். தையல் மெஷினுக்கு அடியில் உடைந்த ராடுகள் குவிந்து கிடப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

அவருடைய செல்போன் அடித்தது. மெக்கானிக்.

"அண்ணே, பக்கத்து ஊர்க் கடையில ஒரு ராடு சிக்கியிருக்கு! ஆனா இன்னொரு பிக்கப்காரனும் அதையே கேட்டுக்கிட்டு நிக்கிறான். என்ன பண்ணட்டும்?"

"உடனே வாங்கிடு. அவன் கைக்கு மட்டும் போயிடக் கூடாது."

"அப்படிப் போடுங்க! சாயங்காலமே நம்ம வண்டியில மாட்டிடலாம்."

"நம்ம வண்டி கிடக்கட்டும்டா. அந்த ஆளுக்கும் வீட்டுல ஒருத்தி இருப்பா."