மனுஷி ஆடுகிற மூவ்

அவள் ஜடையைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

காதுக்குள் டார்ச் அடித்தார்கள். தோட்டைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

செஸ் பலகைக்கு எதிரே மேக்னா தண்ணீர் பாட்டிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். புகார் அவளுடைய கோச் கொடுத்தது. அரசுக் கல்லூரிப் பெண், கோச் கிடையாது, கிளப் கிடையாது, தாக்கவேண்டிய நேரத்தில் மந்திரியை மூலைக்கு இழுக்கிறாள், இது மனுஷி ஆடுகிற மூவே இல்லை, எங்கேயோ போனை ஒளித்து வைத்திருக்கிறாள் என்றார். ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

போன் கிடைக்கவில்லை. நடுவர் மேஜைமேல் கையூன்றிக் குனிந்தார்.

"ஏம்மா, மந்திரிய ஏன் பின்னால இழுத்தே? நீயே சொல்லு, கேப்போம்."

பதில் தொண்டை வரை வந்தது. வந்ததற்குப் பெயர் இல்லை.

"அதுதான் சார் சரி."

யாரோ சிரித்தார்கள்.

அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் ஒரு செஸ் புரோகிராம். அதனோடுதான் ஆடினாள். தோற்றாள். மறுபடி ஆடினாள். மறுபடி தோற்றாள். தப்பென்றால் கட்டம் சிவக்கும். சரியென்றால் பச்சை. ஏன் என்று அது ஒருநாளும் சொன்னதில்லை. பச்சை வருகிறவரை நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

இப்போது பலகையைப் பார்த்தாலே பச்சை தெரிகிறது.

இதை எந்த வாயால் சொல்வது?

மேக்னாவின் கோச்சும் அதே மாதிரி புரோகிராமைப் பார்த்துத்தான் சொல்லித் தருகிறார். எல்லாருக்கும் தெரியும். அங்கே மெஷினுக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஒரு வாய் இருக்கிறது. இங்கே இல்லை. இவ்வளவுதான் குற்றம்.

ஆட்டம் தொடரட்டும் என்றார் நடுவர். இன்னொரு தடவை இந்த மாதிரி விளங்காத மூவ் வந்தால் அதோடு முடிந்தது, வெளியே அனுப்பிவிட்டுக் கல்லூரிக்கும் எழுதுவேன் என்றார். சொன்னவர் நகரவில்லை. பக்கத்திலேயே நின்றார்.

இதுதான் கடைசி ஆட்டம். ஜெயித்தால் பல்கலைக்கழக அணி, விளையாட்டு ஒதுக்கீட்டில் எம்.எஸ்ஸி. இல்லையென்றால் அம்மா பிசிர் வெட்டுகிற அதே பனியன் கம்பெனி, அம்மாவுக்குப் பக்கத்து ஸ்டூல்.

கடிகாரத்தைத் தட்டிவிட்டார்கள்.

பலகையைப் பார்த்தாள்.

தெரிந்தது. உடனே தெரிந்தது. ராஜாவை வெட்டவெளியில் இறக்கவேண்டும். பார்க்கிறவன் பைத்தியம் என்பான். ஆனால் அதில் ஜெயம் இருந்தது.

பலகை ஓரத்தில் மேக்னாவின் சிப்பாய் ஒன்று கேட்பாரற்று நின்றது. யானையால் எடுக்கலாம். யாராக இருந்தாலும் எடுப்பார்கள். எடுத்த யானை வெளியே வராது, ஆட்டமும் அதோடு போய்விடும்.

நடுவரின் சட்டையில் பவுடர் வாசனை. மூச்சு அவள் பிடரியில் பட்டது.

யோசிப்பதுபோல் உட்கார்ந்தாள். கன்னத்தில் கை வைத்தாள். நெற்றியைச் சுருக்கினாள். எவ்வளவு நேரம் யோசித்தால் மனுஷி என்று நம்புவார்கள் என்று தெரியவில்லை. நேரம் ஓடியது.

யானையைத் தூக்கினாள். சிப்பாயை எடுத்தாள்.

நடுவர் நிமிர்ந்தார். முகம் தெளிந்துவிட்டது. அவள் தோளில் லேசாகத் தட்டினார்.

"இப்பதாம்மா யோசிச்சு ஆடுறே."

மேக்னாவின் கை மெதுவாக மந்திரியைத் தேடிப் போனது.