சுவரோரம் நீந்தும் குட்டி

நாளைக்கு நுவரெலியாவிலிருந்து ரூபிகாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவர்கள் கண்ணில் பேரன் தனுஜன் படவே கூடாது என்று பெரியதம்பி முடிவாகச் சொல்லிவிட்டார்.

ஹட்டன் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாகப் புடவைக்கடை வைத்திருக்கும் குடும்பம் அது. புத்தி மந்தமான பிள்ளை ஒன்று அங்கே இருக்கிறது என்று தெரிந்தால், தாயில்லாத அவர் மகள் ரூபிகாவை யார் கட்டுவார்கள்?

அன்று சாயங்காலமும் பையன் வழி தவறிவிட்டான். பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் ஒரே தெருதான். பனிமூட்டத்துக்குள் பூட்டிய கடைகளின் சுவரைக் கையால் தடவிக்கொண்டே போனவனை, மருமகள் வினோதா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கண்டு கூட்டிவந்தாள்.

“வீட்டக் காணோம்மா” என்றுதான் வீட்டுக்குள் வந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தான்.

“லயத்து ரத்தம் வேற எப்பிடி இருக்கும்?” என்றார் பெரியதம்பி.

மகன் நிரோஷன் கொத்மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பெண் எடுத்ததை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சி அசையக்கூடாதென்று டாக்டர் சொன்னாரென்று வினோதா மாதக்கணக்கில் தாய்வீட்டில் கிடந்தபோதும் அவர் அந்த லயத்து வாசலை மிதித்ததில்லை. ரூபிகாதான் படிப்பைக்கூடக் கொஞ்ச காலம் நிறுத்திவைத்துவிட்டு, அடம்பிடித்து, அண்ணிக்குத் துணையாகப் போயிருந்தாள்.

இப்போது பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் ரூபிகா, தகப்பனிடம் தன் போனை நீட்டினாள். அதில் ஒரு எலிக்குட்டி வட்டத் தொட்டியின் சுவரை ஒட்டியபடி சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தது. நடுவில் தண்ணீருக்கடியில் ஏறி நிற்க ஒரு மேடை இருந்தது. பலமுறை காட்டியும் அது அங்கே போகப் பழகவில்லை.

“இதோட தாய் சினையா இருக்கறப்ப வலிப்பு மாத்திரை குடுத்தோம்ப்பா.”

பெரியதம்பி சட்டென்று கதவைச் சாத்தினார். ரூபிகாவும் சின்ன வயதிலிருந்து அந்த மாத்திரையைத்தான் விழுங்குகிறாள். அந்தப் பேச்சு அடுத்த கடைவரை போகாமல் காப்பாற்றி வைத்திருந்தார் அவர்.

அவள் தணிந்த குரலில் தொடர்ந்தாள். குட்டிகளைப் பிறந்த அன்றே மருந்து படாத வேறொரு தாயிடம் விட்டார்களாம். அது தன் குட்டிகளைப் போலவே நக்கிக்கொடுத்துப் பாலூட்டியதாம். அப்படியும் சில குட்டிகள் இப்படித்தான் சுவரையே சுற்றுகின்றனவாம். ஆகவே தனுஜன் இப்படி இருப்பதற்கு அண்ணியின் வளர்ப்பைக் குறை சொல்லக்கூடாது என்றாள்.

“வளர்ப்புல இல்லேன்னா வயித்துல. அதத்தானே நானும் சொல்றேன்” என்றார் பெரியதம்பி.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் வினோதா பையனோடு கொத்மலைக்குப் போய்விட வேண்டும், இனி இந்த வாசல் ஏறக்கூடாது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். நிரோஷன் வாயைத் திறந்தான். பிறகு தங்கையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

வினோதா உள்ளே போய் ஒரு பையை எடுத்துவந்தாள். பையனுடைய சட்டைகளை மடித்துப் பையில் வைத்தாள். அவன் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி மறு கையால் சுவரைத் தடவிக்கொண்டிருந்தான். ரூபிகாவால் அந்தக் கையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

“விடு ரூபி, நாங்க போயிடுறோம். நாளைக்கு உன்னப் பாக்க வாராங்க, அழுத மூஞ்சியோட நிக்காத” என்றாள் வினோதா.

ரூபிகா அவள் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தாள். தகப்பனுக்கு நேராக வந்து நின்றாள்.

“அண்ணி வளத்தவங்கப்பா. பெத்தவ நான்.”