ஒன்றரை லிட்டர் குல்லா

"பாய், இருக்கறதுலயே கனமான மங்கி குல்லாவா ஒண்ணு எடுங்க."

கொடைக்கானல் பஜாரில் ஷபீர் கம்பளிக் கடையைத் திறந்து சாம்பிராணிகூடப் போடவில்லை. அதற்குள் முதல் வியாபாரம்! உற்சாகமாகக் கேட்டான்.

"யாருக்குக்கா? தலை என்ன அளவு இருக்கும்?"

"ஒன்றரை லிட்டர்."

ஷபீர் காதைத் தேய்த்துக்கொண்டான்.

"தயிர்ச்சட்டிக்கு, பாய்" என்றாள் பேத்துப்பாறை பொன்னுத்தாய். "குடல்ல புத்து. ஆபரேசன், கீமோ எல்லாம் முடிஞ்சிருச்சு. நொந்துபோன வயித்துக்குத் தெனமும் தயிர் சேத்துக்கங்கன்னாங்க டாக்டரம்மா. அதுல நல்ல கிருமி இருக்காம்ல?"

"அது புத்துநோயை விரட்டிருமாக்கா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியில கெடக்கு, தயிரை நம்பி செக்கப்புக்கு வராம இருந்துறாதீங்க'ன்னு ஒரு அதட்டு போட்டாங்க. சரி, தயிராவது திம்போம்னா, இந்தக் குளிருக்குப் பால் பாலாவே கெடக்கு. கிருமிக்கும் குளிரும்ல பாய்?"

குல்லாவை வாங்கி இழுத்துப் பார்த்தாள். "மூஞ்சிப் பக்கம் தொறந்து கெடக்கு. காத்து பூந்துரும். தச்சுக்கிறேன்."

"ஏ பொன்னு, வெரசா வா!" வாசலிலிருந்து ஒரு குரல்.

ஷபீர் எட்டிப் பார்த்தான். மொட்டைத் தலையோடு ஒருவர் பனியில் நின்றுகொண்டிருந்தார். பல் தந்தியடித்தது.

"யாருக்கா அது?"

"எங்க வீட்டுக்காரரு, முத்துராஜு."

"அவருக்கொரு குல்லா?"

"வேணாம், வேணாம். சட்டிக்கு மட்டும் போதும்."

ஷபீருக்குச் சுர்ரென்று ஏறியது. கீமோவில் முடி கொட்டிய மனுஷன் வெளியே வெறைக்கிறான். இந்தம்மா சட்டிக்குக் குல்லா வாங்குகிறாள்! கிருமிக்கு இருக்கிற மரியாதை புருஷனுக்கு இல்லையா?

பொறுக்க முடியாமல் ஒரு குல்லாவை உருவிக்கொண்டு வெளியே பாய்ந்தான். முத்துராஜின் தலையில் கழுத்துவரை இழுத்து மாட்டினான்.

"காசு வேணாம்ணே! கீமோ எடுத்த ஒடம்பை இப்படியா பனியில நிப்பாட்டுறது? உங்க வீட்டுல கேக்க ஆளில்லைன்னு நெனச்சாங்களா?"

குல்லாவுக்குள்ளிருந்து ஏதோ முனகல் வந்தது. அவசரத்தில் பின்பக்கத்தை முன்னால் மாட்டியிருந்தான்.

முத்துராஜ் திமிறிக் கழற்றினார். பதறிப்போய் வடக்கே பழனி மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"காரியத்தைக் கெடுத்தீங்களே பாய்! நான் குத்துக்கல்லு கணக்கா இருக்கேன். ஆபரேசன் ஆனது இவளுக்கு. அடுத்த டெஸ்ட்டுல நல்லாருக்குன்னு வர்ற வரைக்கும் தலையில துணி போட மாட்டேன்னு முருகன்கிட்ட சொல்லித்தான் மொட்டை போட்டிருக்கேன்!"

"எத்தனை தடவை சொல்லிட்டேன், கேக்குறாரா?" என்றாள் பொன்னுத்தாய், சால்வை முனையால் கண்ணைத் துடைத்தபடி.

ஷபீர் விறுவிறுவென்று உள்ளே போய், கடையிலேயே பெரிய மப்ளரோடு திரும்பி வந்தான்.

"அண்ணே, கழுத்தைப் பத்தி முருகன்கிட்ட ஒண்ணும் சொல்லலைல்ல?"