பொம்மைக்குப் போட்ட ஊசி

“இது காலேஜா, இல்ல புள்ளைங்களை ஃபெயில் ஆக்குற ஃபேக்டரியா?”

முதல்வரின் மேஜையில் ஓங்கி ஒரு தட்டு. தண்ணீர் டம்ளர் குலுங்கிக் கொஞ்சம் சிந்தியது.

தட்டியவர் ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு முதலாளி. பக்கத்து நாற்காலியில் அவருடைய மகள். நர்சிங் மூன்றாம் வருடம். வந்ததிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“உக்காந்து பேசுங்க சார்” என்றார் முதல்வர் அம்மா.

“நான் உக்கார வரல. இவளுக்கு டி.சி. வாங்கிட்டுப் போக வந்தேன். உங்க ரிசல்ட் என்ன? நூத்துக்கு அறுபது! வெளியில சொல்லவே கூசுது. பைபாஸ் ரோட்டு யுனிவர்சிட்டியில நூத்துக்கு நூறு. பேப்பர்ல முழுப் பக்கம் போட்டிருக்கான், பாத்தீங்கல்ல?”

“பாத்தேன்.”

“ஃபீஸ் நாலு மடங்கு வாங்கறான். சும்மாவா வாங்கறான்? சரக்கு இருக்கு, வாங்கறான். கேட்டுக்குள்ள நுழைஞ்சா நீரூற்று. கிளாஸ் ரூம் பூரா ஏ.சி. இங்க ஃபேன்கூட முக்கி முனகித்தான் சுத்துது. ஃபீஸ் கம்மின்னு சொன்னப்பவே நான் உஷாராகியிருக்கணும். இவதான் இங்கதான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னா.”

“உங்க பொண்ணு எதுல ஃபெயில்னு கேட்டீங்களா சார்?”

“ஏதோ ஊசி போடற பிராக்டிகலாம். சொன்னா சிரிப்பாங்க.”

“அரை மில்லி ஏத்த வேண்டிய இடத்துல அஞ்சு மில்லி ஏத்திட்டா. அதுவும் இருதய மருந்து.”

“யாருக்கு ஏத்தினா? பொம்மைக்கு! உங்க லேப்ல படுக்க வெச்சிருக்கீங்களே, அந்த ரப்பர் பொம்மைக்கு! அது என்ன, செத்தா போச்சு?”

“பொம்மையா இருந்ததாலதான் சாகல.”

முதல்வர் அம்மாவின் குரல் உயரவில்லை. ஆனால் முகம் சிவந்துவிட்டது. கோபம் என்ன, பெற்றவர்களுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தா? அன்று காலையில்தான் நிர்வாகத்தினர் அவரைக் கூப்பிட்டு, இதே அறுபதை வைத்து வறுத்தெடுத்திருந்தார்கள். இன்னும் நாலு பேர் டி.சி. வாங்கிப் போனால் அவருடைய நாற்காலிக்கே உத்தரவாதம் இல்லை.

“ரெண்டு மார்க்கைப் போட்டுத் தள்ளி விட்டா உங்க சொத்தா கரைஞ்சு போகும்?”

“என் சொத்து கரையாது சார். எவரோ ஒருத்தர் உயிர் போகும். அந்தப் பரீட்சையில முட்டை போட்டது நான்தான். நாளைக்குக் கேட்டாலும் அதைத்தான் போடுவேன்.”

“திமிரைப் பாத்தியா!” ஆஸ்பத்திரிக்காரர் மகள் பக்கம் திரும்பினார். “இந்த இடத்துக்குத்தான் நீ அப்படி அடம் பிடிச்சே.”

மகள் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். “அப்பா, தப்பு என்னுதுதான். 0.5-ல இருந்த புள்ளியைக் கவனிக்காம விட்டுட்டேன். ஆறு மாசத்துல திரும்ப எழுதிடறேன். நான் இங்கயே இருக்கேம்பா.”

“நீ வாயை மூடு. சொந்தக்காரங்க முன்னாடி என் மானத்தை வாங்கினது போதும். அங்க சேந்தா அடுத்த வருஷமே சர்டிபிகேட்டு கையில.”

“அங்கயும் இதே தப்பைப் பண்ணினா?” என்றார் முதல்வர் அம்மா.

“பண்ணினாலும் பாஸ் போட்டு அனுப்புவான். அதுதான் மேடம் தரமான காலேஜு!”

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? முதல்வர் அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு, மாற்றுச் சான்றிதழில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். மகளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக்காரரின் செல்போன் அலறியது. ஸ்பீக்கரில் போட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி பேசித்தான் அவருக்குப் பழக்கம்.

“சார், மேனேஜர் பேசறேன். ஐ.சி.யூ.வுக்கு அவசரமா நர்ஸ் வேணும்னீங்கல்ல? அஞ்சு பேர் வந்திருக்காங்க. எல்லாம் பைபாஸ் ரோட்டு யுனிவர்சிட்டி. அத்தனை பேரும் ஃபர்ஸ்ட் கிளாஸ். இன்னைக்கே டூட்டியில சேத்துடலாமா சார்?”

“யோவ், உனக்கு மூளை இருக்கா? ஐ.சி.யூ.வுல என் மாமனார் படுத்திருக்காருய்யா!”

“சார், அவங்க காலேஜு நூத்துக்கு நூறு...”

“நூறாவது, மண்ணாவது! அவங்களைக் கொண்டு போய் ரிசப்ஷன்ல உக்கார வை, பில் போடற இடத்துல உக்கார வை. ஊசி மருந்துப் பக்கம் மட்டும் அண்ட விடாதே. ஐ.சி.யூ.வுக்கு நாம எப்பவும் எடுக்கற காலேஜ்ல இருந்துதான் ஆள் எடுக்கணும்னு எத்தனை தடவை சொல்றது?”

“எது சார், காலையில திட்டிக்கிட்டே கிளம்பிப் போனீங்களே, அந்தக் காலேஜா?”

“ஆமாய்யா, அதேதான்!”

சொன்ன பிறகுதான், தான் எங்கே நின்றுகொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. போனை அவசர அவசரமாக அணைத்தார். முதல்வர் அம்மாவின் பேனா அப்படியே நின்றிருந்தது.

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இப்போது அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அப்பாவை நேருக்கு நேராகப் பார்த்துக் கேட்டாள்.

“அங்க படிச்சுட்டு வந்தா என்னை எங்கப்பா உக்கார வைப்பீங்க? ரிசப்ஷன்லயா, பில் போடற இடத்துலயா?”