ஆதரவாளர் விருது

"நோயாளிங்க வீட்டாளுங்ககிட்ட நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். நோயாளி பேசி முடிக்கிற வரைக்கும் பொறுத்திருங்க."

அட்லாண்டா மருத்துவமனையின் பேச்சு சிகிச்சைப் பிரிவுத் தலைவி லோரெய்ன் மேடையில் மைக்கைப் பிடித்துச் சொன்னதும் அரங்கம் கைதட்டியது. கையில், கறுப்பின ஊழியர்களுக்குத் துணைநிற்பவருக்கான 'சிறந்த ஆதரவாளர்' விருது.

"எங்க பிரிவு தெரபிஸ்டுங்கள்ல கறுப்பர்னா டேரியஸ் ஒருத்தன்தான். அவனுக்கே வாய் திக்கும். ஆனாலும் அவன் குரலுக்கு நான் இடம் குடுத்தேன். ரெண்டு வார்த்தை பேசுப்பா."

டேரியஸ் எழுந்து வந்தான். "நா... நான் ஒரு..."

"நன்றி சொல்ல வர்றான்" என்றார் லோரெய்ன். "அதெல்லாம் எதுக்குப்பா?"

"இ... இல்ல, நான்..."

"உணர்ச்சிவசப்பட்டுட்டான், பாவம்."

அவன் திணறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க லோரெய்னுக்கு மனசு கேட்காது. எப்போதும் அவரே முடித்துவைத்துவிடுவார்.

முன்வரிசையில் சக்கர நாற்காலியில் ஹாலிஸ் இருந்தார். பக்கவாதத்தில் போன பேச்சை டேரியஸிடம் ஒவ்வொரு சொல்லாக மீட்டுக்கொண்டிருக்கும் நோயாளி. அவர் மெல்லக் கையைத் தூக்கினார்.

"பொறு... பொறும்மா. அவன்... முடிக்கட்டும்."

அரங்கம் அடங்கியது. வேறு வழியில்லாமல் லோரெய்னும் வாயை மூடிக்கொண்டார்.

"நா... நான் வேலைய விட்டுட்டு வே... வேற ஆஸ்பத்திரிக்குப் போறேன், அங்க இன்டர்வியூல நான் பே... பேசி முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்தாங்க."

டேரியஸ் வேலைக்குச் சேர்ந்த நாள்முதல், அவன் வாயிலிருந்து லோரெய்ன் முழுதாகக் கேட்ட முதல் வாக்கியம் அதுதான்.